கரியைச் செயற்படுத்திய வைபவம்

ஓடைக்கரை ஆதார வைத்தியசாலைக்கு அந்தப் பெயரை வைத்தவர் யாரோ, நன்றாக யோசித்துத்தான் வைத்திருக்கிறார். அங்கே எதற்கும் ஆதாரம் வேண்டும். காய்ச்சல் என்று போனால் காய்ச்சலுக்குத் துண்டுச் சீட்டு வேண்டும். செத்துப்போனால் செத்ததற்கும் துண்டு வேண்டும். அந்தத் துண்டு வந்து சேரும்வரை கட்டிலில் கிடப்பவர் நோயாளிதான். அவர் பேரில் மத்தியானச் சோறும் வரும்.

அந்த வைத்தியசாலையின் இரத்தக்கட்டிக் கிளினிக் வாசலில் ஒரு பலகை தொங்கியது. "வெற்று அட்டை காட்டாதோருக்கு மருந்து வழங்கப்படமாட்டாது." போன மாதம் அட்டையில் கொடுத்த குளிசைகளை நோயாளி ஒழுங்காக விழுங்கினாரா என்று அறிவதற்குக் கிளினிக் தாதி அஜந்தா மிஸ்ஸி கண்டுபிடித்த வழி அது. அட்டையில் ஒரு குளிசை மிச்சம் இருந்தாலும், அதைக் கொண்டுவந்தவர் வரிசையின் கடைசிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். எழுபது வயதுக் கிழவர்களும் நின்றார்கள். அந்தச் சுவரில் தலையெண்ணெய் படிந்து ஒரு வரிசைக் கறை இருந்தது.

தேற்றாத்தீவு இராயப்பு அந்தச் சுவருக்கு மிகவும் பயந்தவர். வாவியில் வலை வீசுகிறவர். புயலுக்கும் முதலைக்கும் பயப்படமாட்டார். இடது காலில் இரத்தக்கட்டி வந்து ஒரு வருடமாகிறது. இரத்தம் உறையாமல் இருக்க ஒரு நாளைக்கு ஒரு குளிசை, "காலைச் சாப்பாட்டோட மட்டும்" என்று அஜந்தா மிஸ்ஸி சொன்னதை அவர் செபம் மாதிரி மனனம் செய்து வைத்திருந்தார். வந்தது வினை அதில்தான். கோயில் திருவிழாவின் நவநாளுக்கு ஒன்பது நாளும் பொழுதுபடும்வரை உபவாசம் இருப்பதாக அவர் நேர்ந்திருந்தார். காலைச் சாப்பாடு இல்லை. ஆகவே குளிசையும் இல்லை.

திருவிழா முடிந்தது. கிளினிக் நாள் காலை அட்டையைப் பார்த்தார். ஒன்பது குளிசை ஒன்பது கண்ணாக அவரைப் பார்த்தன.

அன்று அவர் ஒன்பது இடியப்பம் கேட்டபோது, உபவாசம் இருந்த வயிறு என்று நினைத்து மனைவி றீற்றா சந்தோஷமாக வைத்தாள். ஒரு இடியப்பத்துக்கு ஒரு குளிசை. ஏழாவதில் சம்பல் முடிந்துவிட்டது. மிச்ச இரண்டையும் வெறும் இடியப்பத்தோடு விழுங்கினார். அப்போது மணி ஏழு.

கிளினிக் வரிசையில் நின்றபோதுதான் றீற்றாவுக்கு விஷயம் தெரிந்தது.

"என்னப்பா, அட்டையில கிடந்த குளிசையெல்லாம் எங்க?"

"உள்ளுக்குப் போட்டன்." இராயப்பு வயிற்றைத் தட்டினார். "ஒம்பது இடியப்பம், ஒம்பது குளிசை. மிஸ்ஸி சொன்ன மாதிரி சாப்பாட்டோடதான்."

"விசரா உங்களுக்கு? ஒரே தரத்திலயா?"

"பின்ன, அந்தச் செவரப் பாத்து நிக்கச் சொல்லுறியா என்னய?"

அதற்குள் அவர்கள் முறை வந்துவிட்டது. அஜந்தா மிஸ்ஸி அட்டையை வெளிச்சத்தில் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். "முழுக்க வெறுமை. நல்ல பேஷன்ட்" என்று புத்தகத்தில் ஒரு சரி போட்டாள்.

"மிஸ்ஸி, அவர் ஒம்பதையும் இண்டைக்குக் காலையிலதான் விழுங்கின..." என்றாள் றீற்றா.

"அம்மா, எப்ப போட்டதெண்டு இந்தப் புத்தகத்தில நிரல் இல்ல. போட்டாரா, இல்லையா. அவ்வளவுதான் இரிக்கி. அடுத்த ஆள்!"

பக்கத்து மேசையில் இருந்த டொக்டர் ஷஸ்னாவின் காதில் அது விழுந்தது. வேலைக்கு வந்து ஐந்தே மாதமான பிள்ளை. துள்ளி எழுந்து வந்தாள். இராயப்புவின் ஈறைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், நாடியைப் பிடித்தாள்.

"அம்மா, கேளுங்க. இது முழுக்க இரத்தத்தில சேர்ந்தா எங்க இருந்தும் இரத்தம் ஓடும். மூளைக்குள்ளயும் ஓடும். இப்ப வயித்துலதான் கிடக்கு. செயற்படுத்தப்பட்ட கரியெண்டு ஒரு தூள் இரிக்கி. தண்ணியில கலக்கிக் குடிச்சா அது மருந்தைப் பிடிச்சு வச்சிரும், இரத்தத்துக்கு விடாது. ஆனா சுணங்கினா பலன் இல்ல. பதினொரு மணிக்குள்ள குடிக்கோணும்." இராயப்புவை ரெண்டாம் வார்டில் படுக்கவைக்கச் சொல்லிவிட்டு அவள் ஒரு துண்டு எழுதினாள். "வார்டு ஆக்கள் எல்லாரையும் மண்டபத்தில கதிரை அடுக்கக் கூப்பிட்டாங்க. நீங்கதான் ஓடோணும்."

மணி எட்டரை.

மருந்தகத்தில் துண்டைப் படித்தவர் சிரித்தார். "கரியா? நாங்க மருந்துதானே குடுக்கிற. கரி கிச்சினுக்குப் போங்க."

அது பகிடி அல்ல. ஏழு மாதத்துக்கு முன் யாரோ புண்ணியவான்கள் இருபது போத்தல் கரித்தூளை அன்பளிப்பாக அனுப்பியிருந்தார்கள். பதிவேட்டில் அதை எங்கே எழுதுவது என்று தேடியபோது 'விறகும் கரியும்' என்ற தலைப்பு ஏற்கெனவே இருந்தது. எழுதினார்கள். அன்றிலிருந்து இருபது போத்தலும் சமையலறைக் களஞ்சியத்தில், அரிசி மூட்டைக்கு மேலே இருந்தன. சமையலறைத் தொழிலாளி கண்ணகை வெள்ளிக்கு வெள்ளி அவற்றைத் துடைத்துத் தூசி போக்குவாள்.

அன்றும் வெள்ளிக்கிழமை. றீற்றா போய்ச் சேர்ந்தபோது கண்ணகை துடைத்துக்கொண்டுதான் நின்றாள். கறுப்புப் போத்தல்கள், கை எட்டும் தூரம். கண்ணகை ஒன்றைக் கையிலும் எடுத்துவிட்டாள்.

"வையுங்க அதை," என்றார் களஞ்சியப் பொறுப்பாளர் லக்ஷன். படிவம் ஒன்றை எடுத்து விரித்தார். "இந்தத் தலைப்பில வாற பொருள் சமையலுக்கு மட்டும்தான். எத்தனை பேருக்குச் சமையல்?"

"ஒராளுக்கு," என்றாள் றீற்றா.

"உணவு வகை?"

"குடிக்கிற, சேர்."

"குடிவகையெண்டு போடுறன். காலையா மத்தியானமா?"

"பதினொரு மணிக்குள்ள, சேர்."

"அப்ப இடைவேளைத் தேத்தண்ணி." அவர் அழகான எழுத்தில் எழுதினார். "இனி நிர்வாக உத்தியோகத்தர் கையெழுத்து வேணும். கிறுகித் திரும்பிப் போங்க, மேல் மாடி."

கண்ணகை போத்தலைத் திரும்பவும் வைத்தாள். அவள் கண் றீற்றாவின் கையிலிருந்த துண்டில் நின்றது. "ஆருக்குகா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மனிசனுக்கு. ரெண்டாம் வார்டு."

நிர்வாக உத்தியோகத்தர் வல்லிபுரம் நல்ல மனிதர். உட்காரக் கதிரை தந்தார். துண்டை மூன்று தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"'செயற்படுத்தப்பட்ட கரி' என்று எழுதியிருக்கிறது. செயற்படுத்தப்பட்ட என்றால், யாரோ செயற்படுத்தியிருக்க வேண்டும். யார்? எந்தத் திகதியில்? விளக்கு ஏற்றப்பட்டதா? நாடா வெட்டப்பட்டதா? என்னிடம் அப்படியொரு பதிவு இல்லை, அம்மா. இந்த வைத்தியசாலையில் புதிய நீர்த்தாங்கியைக்கூடப் பணிப்பாளர் வந்து குழாயைத் திறக்கும்வரை நாங்கள் செயற்படுத்தவில்லை. நான்கு மாதம் வார்டுகளில் தண்ணீர் இருக்கவில்லை. ஒரு முறைப்பாடும் வரவில்லை. அந்த நேரம் முறைப்பாட்டுப் படிவம் முடிந்திருந்தது."

"சேர், அவர் செத்துப் போயிருவார்..."

"அதனால்தான் சொல்கிறேன். செயற்படுத்தப்படாத கரியை அவருக்குக் கொடுத்து, பிறகு ஏதும் நடந்தால் யார் பொறுப்பு? கொடுக்காமல் நடந்தால் அது நோய். கொடுத்து நடந்தால் அது நாங்கள்." இந்த இடத்தில் அவர் எப்போதும் கொஞ்சம் உருகிவிடுவார். "ஆனால் உங்கள் நல்ல காலம். இன்றைக்குத்தான் செயற்படுத்தல் வைபவம் வைத்திருக்கிறோம். பத்தரையிலிருந்து பன்னிரண்டு இராகுகாலம். அது கழிந்ததும் பணிப்பாளர் வந்துவிடுவார். உங்கள் கணவரையே முதற் பயனாளியாகப் போடுகிறேன். மாலையும் உண்டு."

"பதினொரு மணிக்குள்ள குடிக்கோணுமாம், சேர்."

வல்லிபுரம் யோசித்தார். மனம் இரங்கினார். "அதுவரைக்கும் சமையலறைக் கரி தரலாம். அது தினமும் செயற்படுகிற கரி. அதற்கு வைபவம் தேவையில்லை."

அரை மணித்தியாலத்தில் மூன்று கையெழுத்து வைத்து, சிரட்டைக் கரி ஒரு உரப்பையில் கட்டிக் கொடுத்தார்கள். அதைத் தலையில் வைத்துக்கொண்டு றீற்றா ரெண்டாம் வார்டுக்கு ஓடினாள். வழியெல்லாம் கரி சிந்தியது. பின்னால் வந்த துப்புரவுத் தொழிலாளி ஏசினாள். இராயப்பு கட்டிலில் மல்லாந்து படுத்து, வாய்க்குள் செபம் சொல்லிக்கொண்டு கிடந்தார்.

டொக்டர் ஷஸ்னா பையைத் திறந்து பார்த்தாள்.

"அம்மா, இது மீன் சுடுற கரி." கண்ணில் நீர் முட்டிவிட்டது. "இது மருந்தைப் பிடிக்காது. போத்தல்ல இரிக்கிற தூள்தான் வேணும். போய்க் கேளுங்க. காலைப் பிடிச்சாவது கேளுங்க."

மணி பத்தேகால்.

றீற்றா திரும்ப மாடி ஏறினாள். உண்மையாகவே காலைப் பிடித்தாள். வல்லிபுரம் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார். முதற் பயனாளிக்கான படிவத்தை நிரப்பிவிட்டு அழலாம் என்றார். அதில் ஒரு கேள்வி: 'பயனாளி மேடையில் அமரும் அளவுக்குத் திடகாத்திரமானவரா?' ஆம் என்றால் வைத்தியச் சான்று இணைக்க வேண்டும். இல்லை என்றால் பயனாளியாக முடியாது. இன்னொரு கேள்வி: 'கரியைப் பெறுவதற்கு முன் பயனாளி உயிரோடு இருந்தமைக்கான ஆதாரம்.' கிளினிக் புத்தகத்தைக் காட்டினாள். அது போன மாதத்துக்குத்தான் ஆதாரம் என்றார்கள். கிராம உத்தியோகத்தருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அவர் வட்டையில் நெல்வெட்டுப் பார்க்கப் போயிருந்தார்.

சுவர் மணிக்கூட்டில் பதினொன்று ஆயிற்று. பிறகு பதினொன்றரை ஆயிற்று. மணிக்கூடு மட்டும் யாரிடமும் துண்டு கேட்காமல் ஓடியது.

வார்டுக்குப் போகப் பார்த்தாள். பார்வை நேரம் பன்னிரண்டுக்கு என்று வாசற்காவலாளி மறித்தான். பன்னிரண்டுக்குப் போனாள். முதற் பயனாளியை மண்டபத்துக்குக் கொண்டுபோய் வேட்டி உடுத்துகிறார்கள், இப்போது பார்க்க ஏலாது என்றான். றீற்றா விறாந்தை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். செபமாலையின் மணி விரலில் நகரவில்லை. ஒன்பது இடியப்பத்தையும் தன் கையால் எடுத்து வைத்தது திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

கண்ணகை ஒரு கிளாஸ் தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தாள். விரலிடுக்கெல்லாம் கரி. "குடிங்ககா. அவருக்கு ஒண்டும் ஆகாது."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" றீற்றாவுக்குக் கோபம் வந்தது. "பதினொண்டு போயிட்டு. எல்லாரும் ஒண்டும் ஆகாது, ஒண்டும் ஆகாதெண்டுதான் சொல்லுறீங்க. உங்கட களஞ்சியத்துலதானே கிடந்த!"

கண்ணகை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வாசற்காவலாளியைப் பார்த்தாள். தேத்தண்ணியை வாங்கில் வைத்து, றீற்றாவின் முதுகை ஒரு தரம் தடவிவிட்டு எழுந்து போனாள். முதுகில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்ததை றீற்றா அறியவில்லை.

பணிப்பாளர் இரண்டு மணிக்கு வந்தார். 'அவசர வேளையில் விரைந்து செயலாற்றல்' என்ற பயிலரங்கு பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் நடந்தது. மத்தியானச் சாப்பாடு கொஞ்சம் நீண்டுவிட்டது. மண்டபத்தில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். இருபது போத்தலும் ஒரு சிவப்புத் துணியால் மூடப்பட்டு மேசையில் இருந்தன. மேடையில் சக்கர நாற்காலியில், கழுத்தில் மாலையோடு, வாயை இறுக மூடிக்கொண்டு இராயப்பு இருந்தார். இரண்டாம் வரிசையில் இருந்து பார்த்தபோது றீற்றாவுக்கு அவர் ஏற்கெனவே செத்துப்போய் அலங்கரித்து வைத்த மாதிரி இருந்தது.

பணிப்பாளர் பேசினார்.

"இந்தக் கரி ஏழு மாதமாக நம்மிடம் இருக்கிறது. இந்த ஏழு மாதத்தில் இதை எதிர்பார்த்து நான்கு நோயாளிகள் வந்தார்கள். நால்வரும் அவசரப்பட்டார்கள். நாங்கள் அவசரப்படவில்லை. இன்று அந்த நால்வரும் இல்லை; நாங்கள் இருக்கிறோம்." கைதட்டல். "செயற்படுத்தப்படாத கரி ஒரு நோயாளியின் வாயிலும் இந்த வைத்தியசாலையில் இதுவரை படவில்லை என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். நோயாளிகள் வருவார்கள், போவார்கள். நடைமுறை போனால் வராது."

விளக்கு ஏற்றினார்கள். நாடா வெட்டினார்கள். "இந்த நொடியிலிருந்து கரி செயற்படுகிறது" என்று வல்லிபுரம் ஒலிவாங்கியில் அறிவித்தார். பணிப்பாளர் கறுப்புக் கரைசல் நிறைந்த கிளாஸை இராயப்புவின் வாயருகே கொண்டுபோனார்.

"கொஞ்சம் சிரிங்க ஐயா," என்றான் படம் பிடிக்கிறவன்.

இராயப்பு சிரிக்கவில்லை. "ஐயா, வாயைத் திறந்து சிரிங்க!"

பெரியவர்கள் சொன்னால் செய்யத்தானே வேண்டும். இராயப்பு சிரித்தார்.

பல்லெல்லாம் கறுப்பு. நாக்கும் கறுப்பு. ஈறு வரைக்கும் கறுப்பு.

றீற்றாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கதிரையைத் தள்ளிவிட்டு மேடைக்கு ஓடினாள். "மாதாவே! குடிச்சிட்டீங்களா? எப்ப குடிச்ச? ஆர் தந்த உங்களுக்கு?"

ஒலிவாங்கி திறந்தே இருந்தது. அவள் கேட்டது மண்டபம் முழுவதும் கேட்டது.

மேடை ஓரத்தில் நின்ற டொக்டர் ஷஸ்னா வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். இராயப்பு அவளைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். காலையில் கட்டிலில் கிடந்தபோது, இந்த ஒரு தரம் தப்பினால் இனிமேல் ஆசுபத்திரியை ஏமாற்றமாட்டேன் என்று அவர் மாதாவிடம் நேர்ந்திருந்தார்.

"மன்னிச்சிக் கொள்ளுங்க, டொக்டர். ஏமாத்தப் போய்த்தானே இந்தக் கெதி," என்றார். பிறகு ஒலிவாங்கியை நோக்கிக் குனிந்தார். "கிச்சின் அக்காதான் கொண்டுவந்து தந்த. கண்ணகை அக்கா. பத்தரை மணிக்கு. சீலைக்குள்ள ஒளிச்சி வச்சிக் கொண்டுவந்தவ. அவவுக்குத்தான் இந்த மாலை போடோணும், சேர்." கழுத்து மாலையைக் கழற்றி நீட்டினார்.

நிகழ்ச்சியில் ஓர் அங்கம் என்று நினைத்து இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். கண்ணகை அந்த நேரம் தேத்தண்ணித் தட்டோடு மண்டப வாசலில் நின்றாள்.

லக்ஷன் சிவப்புத் துணியைத் தூக்கி எண்ணினார். "பத்தொன்பது நிறைபோத்தல், சேர். ஒன்று குறைபோத்தல். மேடைக்கு எடுத்தது ஒரு கிளாஸ், குறையிறது ரெண்டு."

"எடுத்தீர்களா?" என்று கேட்டார் வல்லிபுரம்.

"ஓம் சேர்," என்றாள் கண்ணகை. "நேரம் போய்க்கொண்டிருந்த. அந்த டொக்டர் புள்ள அழுதுகொண்டு நிண்டா. அரிசி எடுக்கிற சாவி என்ட இடுப்பில கிடந்த."

"துண்டு?"

"துண்டில்ல சேர்."

றீற்றாவுக்கு அப்போதுதான் தன் வாய் செய்த வேலை தெரிந்தது. "அவ இல்ல சேர்! நான்தான் எடுத்த! நான்தான் களவெடுத்த!"

"உங்களிடம் எடுத்ததற்கான துண்டு இருக்கிறதா, அம்மா?"

"இல்ல."

"அப்படியானால் நீங்கள் எடுக்கவில்லை. உட்காருங்கள்."

"அவவிட்டயும்தானே துண்டில்ல!"

"அதனால்தான் அது களவு," என்றார் வல்லிபுரம் பொறுமையாக.

வைபவத்தை இடையில் நிறுத்துவது அபசகுனம். முதற் பயனாளி முறைகேடாகப் பயனடைந்துவிட்டபடியால் வேறொரு பயனாளி தேவைப்பட்டார். வல்லிபுரமே மாலையைப் போட்டுக்கொண்டு கிளாஸை வாங்கிக் குடித்தார். அந்தப் படம் இப்போதும் வைத்தியசாலை வாசலில் தொங்குகிறது. அன்று மத்தியானம் போட்ட பிறசர்க் குளிசையையும் கரி பிடித்துவிட்டதால் மாலை அவருக்குத் தலை சுற்றியது. உரிய படிவம் நிரப்பிப் படுத்துக்கொண்டார்.

இராயப்பு இரண்டு நாள் வார்டில் கிடந்தார். ஒரு துளி இரத்தம் சிந்தவில்லை. டொக்டர் ஷஸ்னாவிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கண்ணகைக்கு வந்த கடிதம் இன்னும் சுருக்கம். 'செயற்படுத்தப்படாத கரியை, அதிகாரமின்றி, ஒரு நோயாளியின் வயிற்றினுள் செயற்படுத்தியமை.' ஏற்பட்ட நட்டம்: ஒரு போத்தல். ஏற்பட்ட பயன்: அந்த நிரலில் ஒரு கோடு. விசாரணை முடியும்வரை சம்பளமின்றிப் பணி இடைநிறுத்தம். ஓய்வூதியத்துக்கு அவளுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

றீற்றா கல்லடியில் கண்ணகையின் வீட்டைத் தேடிப் பிடித்து, ஒரு பை இறால் கருவாட்டோடு போனாள். வாசற்படலையிலேயே அழுதுவிட்டாள்.

"என்ட வாயாலதான்கா... என்ட வாயாலதான் எல்லாம்..."

"சும்மா இரிங்க. சந்தோசத்துல வந்த சத்தம் அது." கண்ணகை முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். "மனிசன் சாப்பிடுறாரா?"

"சாப்பிடுறார். ஒரு குளிசைதான் எடுத்து வைக்கிற நான்."

"அது போதும்." வீட்டில் சீனி இல்லை. வெறுந்தேத்தண்ணிதான் கொடுத்தாள். அதற்கும் அவளே மன்னிப்புக் கேட்டாள்.

அடுத்த மாதக் கிளினிக்குக்கு இராயப்புவும் றீற்றாவும் போனார்கள். பலகை அப்படியே தொங்கியது. சுவரில் கறை அப்படியே இருந்தது. சமையலறைக் களஞ்சியத்துக்குப் புதுப் பூட்டு. சாவி மேல் மாடியில். பத்தொன்பது நிறைபோத்தலும் ஒரு குறைபோத்தலும் விசாரணைக்கான சான்றுப் பொருள் என்று அரக்கு முத்திரை வைக்கப்பட்டிருந்தன.

அவர்களுக்கு முன்னால் சரீப் நானா என்று ஊர் கூப்பிடும் ஒரு புடவைக் கடைக்காரர் நின்றார். அட்டையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு மறுபக்கம் திரும்பிக்கொண்டு ஆறு குளிசையைப் பிதுக்கிக் கையில் எடுத்து, தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார்.

றீற்றா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "விழுங்காதீங்க நானா."

"மிஸ்ஸி ஏசுமே..."

அவள் தன் பைக்குள் கைவிட்டு ஒரு வெற்று அட்டையை எடுத்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். அஜந்தா மிஸ்ஸி சரி போட்டபின் எறிகிற அட்டைகளை விடியற்காலையில் கிளினிக் பின்புறக் குப்பைத்தொட்டியில் பொறுக்கியிருந்தாள். "இதைக் காட்டுங்க. கையில உள்ளதைப் பத்திரமா வையுங்க. நாளைக்கு ஒண்டு. சாப்பாட்டோட."

அஜந்தா மிஸ்ஸி அட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். அப்படியும் இப்படியும் திருப்பினாள். "முழுக்க வெறுமை. நல்ல பேஷன்ட்."

றீற்றா பையைத் திறந்து பார்த்தாள். இன்னும் ஆறு அட்டை இருந்தது. பின்னால் வரிசையில் பதினொரு பேர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.